உழைச்செல்வாரும் உழைப்பும்: புதிய தாதியரின் தொழில் தேடலும் தொடக்ககால அச்சங்களும்

1. பிரச்சினை

சமுதாயம் சில தொழில்களைத் தொழில் என்ற பெயரால் அழைப்பதற்குத் தயங்குகின்றது. தாதியம் அவற்றுள் ஒன்று. பாடசாலை மேடைகளிலும் பத்திரிகைக் கட்டுரைகளிலும் அது ‘சேவை’ என்றும் ‘தொண்டு’ என்றும் போற்றப்படுகின்றது. அதனைச் செய்வோர் ‘வெண்ணுடைத் தேவதைகள்’ எனப்படுகின்றனர். ஆயின் பயிற்சியை முடித்து வெளியேறும் இளம் பெண்ணொருத்தியின் மனத்தை அக்காலத்தில் நிறைத்திருப்பவை வேறு வினாக்கள். நியமனம் எப்போது கிடைக்கும்? எந்த மாவட்டத்திற் கிடைக்கும்? சம்பளம் எவ்வளவு? படிப்புக்காக வீட்டார் பட்ட கடனை எப்போது தீர்க்கலாம்? இவை ஒரு தொகுதி. முதல் இரவுப் பணியில் ஒரு விடுதியைத் தனியே பார்த்துக்கொள்ள முடியுமா? மருந்தின் அளவிற் பிழை நேர்ந்தால் என்ன செய்வது? தெரியாததைக் கேட்டால் மூத்தவர்கள் ஏளனம் செய்வார்களோ? இவை இன்னொரு தொகுதி.

இவ்விருவகை வினாக்களையும் தனித்தனியே வைத்து நோக்குவதே வழக்கம். முன்னவை நிர்வாகிகளுக்கும் பொருளியலாளருக்கும் உரியவையென விடப்படுகின்றன. பின்னவை தன்னம்பிக்கைக் குறைவு, பக்குவமின்மை, சேவை மனப்பான்மைக் குறைவு என்ற தனிமனித இயல்புகளாக விளக்கப்படுகின்றன. இவ்விரண்டும் ஒரே சமூக உறவின் இரு முகங்கள் என்பதும், அவ்வுறவை மறைக்கும் திரையாகச் ‘சேவை’ என்ற கருத்துநிலை தொழிற்படுகின்றது என்பதுமே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்வதாகும்.

இலக்கிய ஆய்விற் பயின்றோர்க்கு இவ்விடயத்தில் என்ன அக்கறை என வினவப்படலாம். ஒரு தொழிலைச் சூழ்ந்து நிற்கும் சொற்களும் படிமங்களும் அத்தொழிலின் ஊதியத்தையும் மதிப்பையும் நிர்ணயிப்பதிற் பங்குகொள்கின்றன. சொல்லின் வரலாறு உழைப்பின் வரலாற்றுக்கு வெளியே நிற்பதன்று. எனவே சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

2. சொல்லும் சமூகமும்

நோயாளியைப் பேணுவோரை இலங்கைத் தமிழர் ‘தாதியர்’ என்பர்; தமிழ்நாட்டார் ‘செவிலியர்’ என்பர். இரண்டும் பழஞ்சொற்களே. செவிலி என்பாள் அகப்பாடல்களிலே தலைவியை வளர்த்த தாய், தோழியைப் பெற்றவள். தாதி என்ற சொல் வளர்ப்புத்தாய் என்ற பொருளிலும் ஏவற்பெண் என்ற பொருளிலும் தமிழில் வழங்கிவந்துள்ளது. இரு சொற்களும் செல்வர் மனையோடு பிணைந்தவை, இரண்டும் பெண்பாற்குரியவை. பேணுதல் என்ற செயல் மனையின் உள்ளே, பெண்ணின் கடமையாக, கூலி என்ற பேச்சுக்கே இடமின்றி நடைபெற்ற ஒரு காலத்தின் முத்திரை அவற்றிற் பதிந்துள்ளது.

போரிற் புண்பட்டவனைப் பேணும் காட்சியைப் புறநானூற்றின் 281ஆம் பாடல் தருகின்றது. அரிசில்கிழார் பாடிய அப்பாடலில் மனையில் வேப்பிலை செருகப்படுகின்றது, நறும்புகை எழுப்பப்படுகின்றது, காஞ்சிப்பண் பாடப்படுகின்றது. காவலும் மருத்துவமும் சடங்கும் பிரியாது நின்ற நிலை அது. அங்கும் களம் மனையே, பேணுவோர் மனையோரே.

திருக்குறளில் நிலைமை சற்று வேறு. மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளாகிய 950ஆம் குறள், மருத்துவத்தின் நாற்கூறுகளாக நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என்போரையும் என்பதனையும் வைத்து எண்ணுகின்றது. வடமொழிச் சரக சங்கிதையும் இத்தகைய நாற்பாகுபாட்டைக் கூறும். ‘உழை’ என்பது பக்கம் எனப் பொருள்படும். நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தினை முறைப்படி செலுத்துபவரே உழைச்செல்வார். மருத்துவனுக்கு ஏவலராக அன்றி, மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே அவர் இங்கு எண்ணப்படுகின்றார். இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர் அவருக்கு வேண்டிய இயல்புகள் நான்கினைக் குறிப்பிடுகின்றார்: நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவாறே செய்யும் வல்லமை, அறிவு. நான்கனுள் ஒன்று அறிவு என்பது மனங்கொள்ளத்தக்கது. எனினும் இந்நான்கும் பேணுவோரிடம் எதிர்பார்க்கப்படுவன. பேணுவோர்க்கு அளிக்கப்பட வேண்டியது யாது என்ற வினா அங்கு எழவில்லை. மனையை விட்டுப் பேணுதல் வெளியேறிக் கூலியுழைப்பாக மாறிய பின்னரே அவ்வினா எழ முடியும். அம்மாற்றம் கைத்தொழில் முதலாளித்துவத்தின் காலத்துக்குரியது.

3. நைற்றிங்கேல் மரபும் அதன் முரண்பாடும்

சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1843–44இல் எழுதிய ‘மார்ட்டின் சஸில்விற்’ நாவலில் வரும் திருமதி காம்ப் கூலிக்கு நோயாளரைப் பார்ப்பவள், மதுவிற் பிரியமுடையவள், நோயாளியின் நலனிலும் தன் வசதியையே பெரிதாகக் கொள்பவள். படிப்போ பயிற்சியோ இல்லாத வறிய பெண்கள் பிழைப்புக்காகச் செய்த வேலையாகவே அன்றைய இங்கிலாந்திற் கூலித்தாதியம் இருந்தது. நடுத்தர வர்க்கத்தார் அதனை நோக்கிய இழிநோக்கும் அப்பாத்திரத்திற் கலந்துள்ளது.

பத்தாண்டுகளில் இதற்கு நேரெதிரான படிமமொன்று தோன்றிற்று. கிரிமியப் போரின்போது, 1854இல், புளோரன்ஸ் நைற்றிங்கேல் 38 தாதியருடன் ஸ்குட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குச் சென்றார். 1860இல் இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பெற்றது. சுகாதாரம், புள்ளிவிபரம், ஒழுங்கமைப்பு ஆகியவற்றில் அவர் ஆற்றிய பணி வரலாற்றில் முற்போக்கானது என்பதில் ஐயமில்லை. பெண்கள் கௌரவத்துடன் வீட்டுக்கு வெளியே தொழில் புரியும் வாயில் ஒன்று அதனால் திறந்தது.

ஆயினும் அவ்வாயிலிற் பொறிக்கப்பட்ட இலட்சியத்தின் வர்க்க அடிப்படையைக் கவனித்தல் வேண்டும். 1853இல் நைற்றிங்கேல் இலண்டனில் ஏற்ற முதலாவது பொறுப்பு ஊதியமற்றது. அவருடைய தந்தையார் ஆண்டுக்கு 500 பவுண் கொடுத்து அவரைத் தாங்கினார். ஊதியம் வேண்டாத் தொண்டு என்னும் இலட்சியம் அந்த 500 பவுணின் மீது நின்றது. அதே இலட்சியம் பின்னர் தந்தையின் உதவியில்லாத, மாறாகத் தந்தையையும் தம்பி தங்கையரையும் தாமே தாங்க வேண்டிய, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஒழுக்கவிதியாகக் கற்பிக்கப்பட்டது. ஒரு வர்க்கத்தின் வாழ்நிலையிற் பிறந்த அறம் இன்னொரு வர்க்கத்தின் மீது பொது அறமாகச் சுமத்தப்படும்பொழுது அது கருத்துநிலையாகின்றது. தாதியர்க்கு அரச பதிவுமுறை வேண்டும் என்ற கோரிக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தபோது நைற்றிங்கேல் அதனை எதிர்த்தார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. பிரித்தானியாவில் 1919ஆம் ஆண்டின் சட்டமே பதிவுமுறையைக் கொணர்ந்தது.

எமது நாட்டுக்கு இம்மரபு காலனித்துவத்தின் வழியாகவும் மிஷன் வழியாகவும் வந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிற் பணியாற்றி, மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை தோன்றிற்று. உள்ளூர்ப் பெண்கள் தாதியப் பயிற்சி பெறுவதற்கு இத்தகைய நிறுவனங்கள் வழிசெய்தன. மதப்பணியும் மருத்துவப்பணியும் ஒன்றாயிருந்த அச்சூழலில் ‘ஊழியம்’ என்ற சொல் இரண்டுக்கும் பொதுவாயிற்று. பின்னர் இலவச மருத்துவம் விரிவடைந்தபோது அரசே தாதியரின் பிரதான தொழில்கொள்வோன் ஆயிற்று. கூலியுறவு உறுதிப்பட்டது, பழைய மொழி மட்டும் மாறாது நின்றது.

இவ்வாறு கூறுவதால் தாதியரின் ஈகத்தை நாம் குறைத்து மதிப்பிடுகின்றோம் என எவரும் கொள்ளலாகாது. வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் வைத்தியசாலைகளை விட்டகலாது நின்றோரை இச்சமூகம் மறவாது. 1987 ஒக்ரோபர் 21, 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாண வைத்தியசாலையினுள் நிகழ்ந்த கொலைகளிற் பணியிலிருந்த வைத்தியரும் தாதியரும் ஊழியரும் நோயாளரும் உயிரிழந்தனர். அந்த ஈகம் உண்மையானது. ஈகத்தைக் காட்டி ஊதியத்தை மறுக்கும் வாதமே பொய்யானது.

4. தொழில் தேடல்: மூன்று வாயில்கள்

இனித் தொழில் தேடலின் இயல்பினை நோக்குவோம். இன்றைய இலங்கையில் ஒரு பெண் அல்லது ஓர் ஆண் தாதியத்தில் நுழைவதற்கு மூன்று வாயில்கள் உள. ஒவ்வொன்றும் வெவ்வேறு வகையான கவலையை உண்டாக்குகின்றது.

முதலாவது அரச தாதியர் பயிற்சிக் கல்லூரி. க.பொ.த. உயர்தரப் பெறுபேற்றின் அடிப்படையில், வர்த்தமானி அறிவித்தலின் வழியாகச் சுகாதார அமைச்சு பயிலுநரைச் சேர்த்துக்கொள்கின்றது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு உட்படப் பல இடங்களில் உள்ள கல்லூரிகளில் மூன்றாண்டுப் பயிற்சி. மாதந்தோறும் ஒரு கொடுப்பனவு. முடிவில் அரச நியமனம். இங்கு தொழில் தேடல் பயிற்சிக்கு முன்னரே நிகழ்ந்துவிடுகின்றது. வர்த்தமானிக்காகக் காத்திருத்தலும் வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருத்தலுமே தேடலாகும். பயிற்சி முடிந்தபின் எழும் கவலை நியமனத்தின் இடம் பற்றியது. வீட்டிலிருந்து நெடுந்தொலைவில், மொழி வேறாகிய மாவட்டத்தில், தங்குமிட வசதி குறைந்த ஆதார வைத்தியசாலையிற் பணி கிடைப்பின் சம்பளத்திற் கணிசமான பகுதி வாடகைக்கும் பேருந்துக்கும் போய்விடுகின்றது. இடமாற்றம் என்ற சொல் ஆண்டுக்கணக்கில் அவர்களின் பேச்சிற் குடிகொள்கின்றது.

இரண்டாவது பல்கலைக்கழகம். யாழ்ப்பாணம், கிழக்கு, பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர முதலிய பல்கலைக்கழகங்களில் நான்காண்டுத் தாதியப் பட்டநெறி நடத்தப்படுகின்றது. பட்டம் பெற்றவர் அரச நியமனத்துக்குக் காத்திருக்கும் இடைவெளி ஒரு புதுவகை வேதனை. தம்முடன் உயர்தரம் எழுதிப் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றவர் சம்பளம் பெற்றுக்கொண்டிருக்க, தாம் பட்டத்துடன் வீட்டில் இருப்பதா என்ற வினா எழுகின்றது. சேர்ந்த பின்னரோ, பட்டதாரிக்கும் டிப்ளோமாதாரிக்கும் விடுதியில் ஒரே வேலை என்பதனால், கற்ற கல்விக்கும் செய்யும் உழைப்புக்குமிடையே இடைவெளி உணரப்படுகின்றது.

மூன்றாவது தனியார் துறை. கட்டணம் செலுத்திப் பயின்று, தனியார் மருத்துவமனையிற் சேர்வோரின் நிலை இது. இங்கே கடன் முன்னே வருகின்றது. ஊதியம் பின்னே வருகின்றது. பயிற்சிச் சான்றிதழ் எத்தகைய பதிவுக்கு இடமளிக்கும், தாதியர் பேரவையிற் பதிவு பெற முடியுமா என்பவற்றை முன்கூட்டியே விசாரித்தறியாதோர் பல ஆண்டுகளின் பின்னரும் உதவியாளர் நிலையிலேயே நிற்க நேர்கின்றது. எனவே நேர்முகப் பரீட்சைக்குச் செல்லுமுன் கேட்டறிய வேண்டிய வினாக்கள் சில உண்டு. பதவியின் பெயர் யாது? வாரத்துக்கு எத்தனை மணிநேரம்? இரவுப் பணி மாதத்தில் எத்தனை? மேலதிக நேரத்துக்குக் கொடுப்பனவு எவ்வாறு கணிக்கப்படும்? இடையில் விலகினால் ஒப்பந்தப்படி செலுத்த வேண்டிய தொகை என்ன? மூலச் சான்றிதழ்களை நிறுவனம் தன்வசம் வைத்துக்கொள்ளுமா? இவ்வினாக்களைக் கேட்பது பேராசையாகாது. தன் உழைப்புச் சக்தியை விற்கும் எவரும் விற்பனையின் நிபந்தனைகளை அறிந்துகொள்ளும் உரிமையுடையவர். தாதியப் பணியாளர் பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977இல் நிறைவேற்றிய 149ஆம் இலக்கச் சமவாயமும் வேலைநேரம், மேலதிகநேரம், வாராந்த ஓய்வு, விடுமுறை முதலியவற்றில் ஏனைய தொழிலாளர்க்குள்ள நிலைக்குக் குறையாத நிலை தாதியர்க்கும் இருத்தல் வேண்டும் என்றே வகுத்துள்ளது.

பாக்குநீரிணைக்கு அப்பால் நிகழ்ந்தவை இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கன. தமிழ்நாட்டில் 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வில் வென்று அரசு மருத்துவமனைகளிற் சேர்ந்த பல்லாயிரம் செவிலியர்க்கு மாதம் 7,700 ரூபா தொகுப்பூதியமே வழங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறாதபோது, 2017 நவம்பரில் அவர்கள் சென்னையிற் கூடிப் போராடினர். கொவிட் பெருந்தொற்றின்போது 2020இல் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசெம்பர் 31ஆம் திகதியுடன் முடிவுறுத்தப்பட்டது. தேவைப்படும்போது அழைத்து, தேவை தீர்ந்ததும் விலக்குவதற்கு ஏற்ற வகையிற் காத்திருக்கும் உழைப்பாளர் கூட்டத்தை மார்க்ஸ் ‘சேமப் பட்டாளம்’ என 1867இலேயே விளக்கினார். தொற்றுநோய்க் காலத்தில் அவர்களைப் போர்வீரர் என்று புகழ்ந்த மொழி, இவ்விளக்கத்தின் துணையுடன் நோக்குகையில், வேறொரு பொருளைத் தருகின்றது.

கேரளத்திலோ தனியார் மருத்துவமனைச் செவிலியர் 2011ஆம் ஆண்டளவிலிருந்து சங்கமாகத் திரண்டனர். சான்றிதழ்களைப் பிடித்துவைத்தலும் பிணைமுறியும் சொற்ப ஊதியமும் அவர்களின் பிரதான குறைகள். 2017இல் நடந்த போராட்டத்தின் பயனாக, 2018 ஏப்ரிலில் மாநில அரசு குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 20,000 ரூபாவாக அறிவித்தது. தனித்தனியே நேர்முகப் பரீட்சைக்குச் சென்றபோது எவராலும் கேட்கமுடியாதிருந்த தொகையை, ஒன்றாகச் சென்றபோது அவர்கள் பெற்றனர்.

5. கடல்கடந்த வாயில்

மேற்கூறிய மூன்றுடன் நான்காவது வாயிலொன்றும் உண்டு. அது விமான நிலையத்தில் உள்ளது. 2022 ஏப்ரிலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வாண்டிலேயே அரச ஊழியர் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று தொழில்புரிய அரசு இடமளித்தது. பயிற்சிக்கு நாட்டு மக்களின் வரிப்பணம் செலவாகின்றது. பயன் செல்வந்த நாடுகளுக்குச் செல்கின்றது. எஞ்சி நிற்போரின் தோளில் விடுதிகளின் சுமை ஏறுகின்றது. அவ்வாறு எஞ்சி நிற்போரிற் பலர் அண்மையில் நியமனம் பெற்றோரே.

செல்வோரைக் குறைகூறுதல் எளிது. அவர்களின் கணக்கை விளங்கிக்கொள்ளுதலே ஆய்வாளர் கடன். ஐக்கிய இராச்சியம் செல்ல விரும்புவோர் ஆங்கில மொழிப் பரீட்சை, கணினிவழிப் பரீட்சை, செயன்முறைப் பரீட்சை என மூன்றினைக் கடத்தல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. முகவருக்கும் பணம் கொடுத்துச் செல்வோர் கடனாளியாகவே விமானம் ஏறுகின்றனர். கடனாளி பேரம்பேச முடியாது. 2014 யூலையில் ஈராக்கின் திக்ரித்திலிருந்து 46 இந்தியச் செவிலியர் மீட்கப்பட்டு நாடு திரும்பினர். அவர்களிற் பெரும்பாலோர் கேரளத்தவர். குண்டுகளுக்கிடையே நின்ற அவர்களிற் பலருக்கு, கடனைத் தீர்க்காமல் வெறுங்கையுடன் வீடு திரும்புவதும் பேரச்சமாக இருந்தது. ‘விருப்பத்துடன் சென்றார்கள்’ என்ற கூற்றில் உள்ள விருப்பம் எத்தகையது என்பதற்கு இதனிலும் தெளிந்த சான்று தேவையில்லை.

6. முதலாண்டின் அச்சம்

நியமனம் கிடைத்தது, கவலை தீர்ந்தது என்று வீட்டார் எண்ணும் நாளிலே இரண்டாவது தொகுதி வினாக்கள் தொடங்குகின்றன. இவற்றைப் பற்றிய ஆய்வுகள் புதியனவல்ல. அமெரிக்க ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974இல் வெளியிட்ட நூலில், பாடசாலையிற் கற்ற தாதியத்துக்கும் விடுதியிற் கண்ட தாதியத்துக்கும் இடையிலுள்ள முரண்பாடு புதியவர்க்குத் தரும் தாக்கத்தை ‘யதார்த்த அதிர்ச்சி’ எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். ஒரு நோயாளியை முழுமையாகப் பேணும்படி கல்லூரி கற்பிக்கின்றது. விடுதியோ, குறித்த நேரத்துக்குள் இத்தனை ஊசி, இத்தனை கட்டு, இத்தனை பதிவு என வேலையைத் துண்டாடிக் கொடுக்கின்றது. தான் கற்ற நன்முறைக்கு ஏற்பச் செய்தால் வேலை முடியாது. வேலையை முடித்தால் நன்முறை கைவிடப்படும். இம்முரண்பாட்டையே புதியவர் தம்முடைய திறமைக் குறைவென எண்ணி இரவில் உறக்கமின்றிக் கிடக்கின்றார்.

இசபெல் மென்சீஸ் இலண்டன் போதனா வைத்தியசாலையொன்றை ஆராய்ந்து 1960இல் வெளியிட்ட கட்டுரை இதனினும் ஆழமானது. நோயும் மரணமும் தரும் பதற்றத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள வைத்தியசாலை என்ற நிறுவனமே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்கின்றது என அவர் காட்டினார். நோயாளியைப் பெயரால் அழையாது கட்டில் இலக்கத்தாலோ நோயாலோ குறித்தல், வேலையைச் சிறுசிறு சடங்குகளாக்குதல், ஒரே விடயத்தைப் பலமுறை சரிபார்த்தல், முடிவெடுக்கும் பொறுப்பை மேலே மேலே தள்ளுதல் ஆகியன அவ்வேற்பாடுகளுட் சில. விந்தை யாதெனின், பதற்றத்தைக் குறைக்க எழுந்த இவ்வேற்பாடுகளே புதியவர்களின் பதற்றத்தை வளர்த்தன. பயிலுநரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே விலகினர். மார்க்ஸ் ‘அந்நியமாதல்’ என்று கூறிய நிலையின் ஒரு வடிவத்தை இங்கு காண்கின்றோம். உழைப்பாளி தன் உழைப்பின் பொருளிலிருந்து பிரிக்கப்படுகின்றார். தாதியத்தில் அப்பொருள் இன்னொரு மனித உயிராதலின் பிரிவின் வேதனையும் பெரிதாகின்றது.

பிழை பற்றிய அச்சம் தனியே ஆராய்தற்குரியது. புதியவர் அஞ்சுவது பெரும்பாலும் மருந்தின் அளவு, மருந்தின் பெயர் ஒற்றுமை, இரத்தம் ஏற்றுகையில் ஆளடையாளம் ஆகியவற்றையே. அவ்வச்சம் பயனுடையது, அது கவனத்தின் தாய். ஆனால் பிழை நிகழ்வதன் நிகழ்தகவு தனிமனிதக் கவனத்தை மட்டும் பொறுத்ததன்று. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளைக் கொண்டு லிண்டா எய்க்கன் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, சத்திரசிகிச்சை நோயாளரைப் பார்க்கும் தாதி ஒருவருக்கு மேலதிகமாக ஒரு நோயாளி கூடும்பொழுது, முப்பது நாட்களுக்குள் நோயாளர் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதத்தால் உயர்வதோடு தொடர்புற்றிருந்ததைக் காட்டிற்று. விடுதியில் ஆளெண்ணிக்கையைத் தீர்மானிப்பவர் புதிய தாதியல்லர். இரவிலே பிழை நிகழ்ந்தால் விளக்கக் கடிதம் எழுதுபவர் மட்டும் அவரே. பொறுப்பும் அதிகாரமும் இவ்வாறு பிரிந்து நிற்பதே அவரது அச்சத்தின் புறநிலை அடிப்படையாகும்.

எமது நாட்டில் இவற்றுடன் மொழியும் சேர்கின்றது. நோவைக் கூறும் சொற்கள் தமிழ்ப் பேச்சுவழக்கிற் பல: நோகுது, உளையுது, குத்துது, எரியுது, விறைக்குது, இழுக்குது. ஒவ்வொன்றும் வேறுவேறு அறிகுறி. பாடம் ஆங்கிலத்தில், குறிப்பேடு ஆங்கிலத்தில், நோயாளியின் முறைப்பாடோ அவருடைய ஊர் வழக்கில். சிங்கள மாவட்டத்துக்குச் செல்லும் தமிழ்த் தாதியும், வடக்குக்கு வரும் சிங்களத் தாதியும் இச்சொற்களின் வாயிலில் தடுமாறுகின்றனர். 1956இன் தனிச் சிங்களச் சட்டம் தொடங்கிவைத்த பிளவு, 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின்மூலம் தமிழும் அரசகரும மொழியாகிய பின்னரும், நள்ளிரவில் ஒரு கட்டிலருகே இருவர் ஒருவரையொருவர் விளங்காது நிற்கும் வடிவில் உயிர்வாழ்கின்றது. இதனையும் தாதியின் தனிப்பட்ட குறைபாடாகக் கணிப்பது எத்துணை அநீதி!

7. தீர்வின் திசை

அமைப்பே காரணம் எனக் கூறி ஓய்ந்துவிடுதல் இயங்கியல் நோக்காகாது. சூழ்நிலை மனிதரை உருவாக்குவது போல மனிதரும் சூழ்நிலையை மாற்றுகின்றனர். இங்கு மூன்று விடயங்களை வலியுறுத்த விரும்புகின்றோம்.

முதலாவது, திறமை காலத்தால் வளர்வது. பட்ரிசியா பெனர் 1984இல் வெளியிட்ட நூலிலே தாதியின் வளர்ச்சியைப் புதியவர் நிலையிலிருந்து வல்லுநர் நிலைவரை ஐந்து படிகளாக வகுத்தார். விதிகளைப் பற்றிக்கொண்டு நடப்பவர், அனுபவத்தினூடாக முழுநிலைமையையும் ஒரே நோக்கிற் காணும் ஆற்றலைப் பெறுகின்றார். எனவே முதலாண்டின் தயக்கம் வளர்ச்சியின் ஒரு கட்டம், தகுதியின்மைக்குச் சான்றாகாது. தெரியாததைக் கேட்பவர் நோயாளிக்கு நன்மை செய்கின்றார். தெரிந்ததுபோல நடிப்பவரே ஆபத்தை விளைவிக்கின்றார்.

இரண்டாவது, கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். மூத்த தாதியொருவரைக் குறித்த காலத்துக்குப் புதியவருடன் இணைத்தல், முதல் மாதங்களில் இரவிலே தனித்து விடாதிருத்தல், பணி ஒப்படைப்புக்குப் போதிய நேரம் ஒதுக்குதல், பிழையையும் பிழையாக இருந்திருக்கக்கூடியதையும் தண்டனை அச்சமின்றி அறிவிக்க வழிசெய்தல் என்பன பெருஞ்செலவு வேண்டாதவை. புதியவரை அதட்டி வளர்க்கும் வழக்கமும் இங்கு கண்டிக்கத்தக்கது. தான் பட்ட இழிவை அடுத்தவர்க்கு வழங்குவதால் எவரது இழிவும் நீங்குவதில்லை. மேலிருந்து வரும் அழுத்தம் கீழ்நோக்கித் திருப்பிவிடப்படுகின்றது, அவ்வளவே.

மூன்றாவது, சங்கம். புதியவரிற் பலர் தொழிற்சங்கம் என்றதும் அஞ்சுகின்றனர். சேவைக்கும் வேலைநிறுத்தத்துக்கும் பொருந்தாது எனக் கற்பிக்கப்பட்டுள்ளனர். 2020 மார்ச்சிலிருந்து பிரித்தானிய மக்கள் வாரந்தோறும் வாசலில் நின்று தாதியர்க்காகக் கைதட்டினர். 2022 டிசெம்பரில், 1916இல் நிறுவப்பெற்ற அந்நாட்டின் றோயல் தாதியர் கல்லூரி, ஊதியத்துக்காகவும் ஆட்பற்றாக்குறைக்கு எதிராகவும் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. கைதட்டல் வாடகையைச் செலுத்தாது என்பதை இரண்டரை ஆண்டுகள் கற்பித்தன. எமது தாதியர் சங்கங்களோ கட்சிச் சார்பாலும் இனப்பிரிவாலும் நலிந்துள்ளன. பெண்கள் பெரும்பான்மையாகவுள்ள தொழிலில் தலைமை பெரும்பாலும் ஆண்களிடமே உள்ளது. பொலனறுவையில் இரவுப் பணியிலிருக்கும் சிங்களத் தாதியும் வவுனியாவில் இரவுப் பணியிலிருக்கும் தமிழ்த் தாதியும் ஒரே சம்பளத் திட்டத்தின் கீழ், ஒரே ஆட்பற்றாக்குறையின் கீழ் உழைப்பவர்கள். இவ்வுண்மை உணரப்படும்வரை ஒவ்வொருவரும் தத்தம் அச்சத்துடன் தனித்தே நிற்பர்.

8. முடிவுரை

‘உழை’ என்ற சொல் தமிழிற் பக்கத்தையும் குறிக்கும், பாடுபடுதலையும் குறிக்கும். முன்னைய பொருளைக் குறள் எமக்குத் தந்தது. நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் மருத்துவத்தின் நான்கிலொரு கூறு என்பது இன்றும் கைக்கொள்ளத்தக்க கருத்தே. பின்னைய பொருளை வரலாறு சேர்த்துள்ளது. பக்கத்தில் நிற்பதும் பாடுபடுவதே. பாடுபடுவோர்க்கு ஊதியமும் ஓய்வும் கற்கும் கால அவகாசமும் பாதுகாப்பும் உரியன. இவற்றைக் கேட்பதால் அன்பு குறைந்துவிடும் என அஞ்ச வேண்டியதில்லை. பசியும் கடனும் உறக்கமின்மையும் தனிமையுமே அன்பைக் குறைப்பன. அடுத்த வர்த்தமானியைப் பார்த்து விண்ணப்பம் எழுதப்போகும் மாணவியர்க்குச் ‘சேவை செய்யச் செல்கின்றாய்’ என்று மட்டும் கூறி அனுப்பும் ஆசிரியரும் பெற்றோரும், இனி ‘உழைக்கச் செல்கின்றாய், உன் உழைப்பின் உரிமைகளை அறிந்து செல்’ என்றும் கூறி அனுப்புவார்களாயின், தாதியம் பற்றிய எமது சமூகத்தின் சிந்தனை ஓரடி முன்னேறியதாகும்.